‘ஒரு சின்ன போஸ்டர்தான், அம்மா’: டர்பன் தமிழ்ச் சங்கங்களுக்கு விளம்பரக்கலை மாணவியின் திறந்த மடல்

டர்பனிலும் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், மெர்பேங்க், டொங்காட், வெருலம் பக்கங்களிலும் உள்ள தமிழ்ச் சங்கங்களுக்கும் கோயில் நிருவாகக் குழுக்களுக்கும்,

பெரியவர்களுக்கு வணக்கம்.

போன தைப்பூசத்துக்கு உங்களில் ஒருவருடைய கோயில் வாசலில் மூன்று மீட்டர் நீளத்துக்கு ஒரு பேனர் தொங்கியது. மஞ்சள் பின்னணி, சிவப்பு எழுத்து, நடுவில் தோகை விரித்த மயில். மேலே, நடந்து வருகிற எவர் கண்ணிலும் படும்படி, ‘வலே வலே’ என்று இருந்தது. ‘வேல் வேல்’ என்று இருந்திருக்க வேண்டும். எந்தக் கோயில் என்று நான் சொல்லப்போவதில்லை. அந்த பேனரைச் செய்தவள் நான்தான் என்பதால், காட்டிக்கொடுக்கும் தகுதி எனக்கு இல்லை.

வேலை வந்தது புதன்கிழமை இரவு பத்து மணிக்கு, வாட்ஸ்அப்பில். “ஒரு சின்ன போஸ்டர்தான், அம்மா. காலையில் அச்சுக்குப் போக வேண்டும்.” போட வேண்டிய வாசகம், ஒரு பழைய அழைப்பிதழைக் கைப்பேசியில் பிடித்த படமாக வந்தது. யாருடைய கட்டைவிரலோ கடைசி வரியில் பாதியை மறைத்துக்கொண்டிருந்தது. அந்தப் பாதியை ஊகித்து எழுதி, பதினொன்றரைக்கு முடித்து அனுப்பினேன். நான் அனுப்பிய கோப்பில் வேல், வேலாகத்தான் இருந்தது. அச்சகத்தில் அதைத் திறந்தபோது எழுத்துரு இல்லை என்று கணினி சொல்லியிருக்கிறது. அங்கிருந்தவர் கைக்குக் கிடைத்த வேறொரு தமிழ் எழுத்துருவைப் போட்டு அச்சடித்துவிட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. எழுத்து எழுத்தாகத் தெரிந்ததே போதும் என்று நினைத்திருப்பார்.

என்ன நடந்தது என்று கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன், இது இன்னும் பல முறை நடக்கப்போகிறது. ‘வே’ என்று தட்டும்போது கணினி முதலில் வகரத்தையும் அதற்குப் பிறகு இரட்டைக்கொம்பையும் அந்த வரிசையில் சேமிக்கிறது. திரையில் காட்டும் நேரத்தில்தான் கொம்பைத் தூக்கி வகரத்துக்கு முன்னால் நிறுத்துகிறது. வடிவமைப்பு மென்பொருள்களில் தெற்காசிய எழுத்துகளுக்கென்று தனி அமைப்பு ஒன்று உண்டு. அதை முடுக்கிவிடாவிட்டால், சேமித்த வரிசை அப்படியே வந்து நிற்கும்: முதலில் வ, அடுத்து கொம்பு, அடுத்து ல, பிறகு தலையிலிருந்து நழுவி ஓரமாகக் கிடக்கும் ஒரு புள்ளி. கொம்பு இப்போது லகரத்துக்கு முன்னால் நிற்கிறது அல்லவா? முருகன் கை வேல் ‘வலே’ ஆனது இப்படித்தான். அச்சுக்கு அனுப்பும் முன் எழுத்துகளைக் கோட்டு வடிவமாக மாற்றிவிட்டால் எந்தக் கணினியிலும் அவை அசையா. எங்களுக்கு முதலாண்டு முதல் பருவத்திலேயே சொல்லிக்கொடுத்த பாடம் அது. தூக்கக் கலக்கத்தில் மறந்துவிட்டேன். ஆகவே பாதிப் பழி என்னுடையது. மற்றப் பாதியைப் பற்றித்தான் இந்த மடல்.

காவடிக்கு முந்தைய இரவு அப்பா அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் இரண்டு எனாமல் டப்பாவும் தட்டைத் தூரிகையும் கொண்டுவந்தார். கோயில் ஏணியைச் சாய்த்து, நான் கைப்பேசியில் வெளிச்சம் காட்ட, மஞ்சளால் அந்த இரண்டு சொற்களையும் மூடினார். கோடைப் புழுக்கத்தில் ஒரு மணி நேரம் காத்திருந்தும் பெயின்ட் முழுதாகக் காயவில்லை. பரவாயில்லை என்று சிவப்பைத் தொட்டார். முதலில் கொம்பு. இரண்டு சுழியையும் தூரிகையை எடுக்காமல் சுற்றி இழுத்துவிட்டு, அதன் பிறகுதான் வகரத்துக்கு வந்தார். பிறகு ல. கடைசியில் தூரிகை நுனியால் ஒரு குத்து, புள்ளி. கையால் எழுதும் நாம் எல்லோருமே கொம்பைத்தான் முதலில் போடுகிறோம். அன்று வரை அதை நான் கவனித்ததே இல்லை. கணினி வகரத்தில் தொடங்குகிறது, கை கொம்பில் தொடங்குகிறது.

அந்த பேனர் அதற்கு முன் இரண்டு முழு நாள் தொங்கியிருந்தது. கொடியேற்றத்துக்கு வந்தவர்கள், பால்குடம் பற்றி விசாரிக்க வந்தவர்கள், சமையலுக்கு வந்தவர்கள் என்று எத்தனையோ பேர் அதன் கீழே போய்வந்தார்கள். தப்பைக் கவனித்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அப்பா. இன்னொருவர் மெர்பேங்கிலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி. அவரும் என்னிடம் சொல்லவில்லை; “யாரம்மா இதை எழுதியது?” என்று மட்டும் கேட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

என்னைப் பற்றி இரண்டு வரி. அப்பா சுதைச் சிற்பி, கும்பகோணத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். ஒரு கும்பாபிஷேகத்துக்காகக் கோபுர பொம்மைகளைச் செய்ய ஆறு மாதத்துக்கென்று தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தார். ஒரு கோயில் முடிவதற்குள் அடுத்த கோயில் கூப்பிட்டது. ஒன்பது வயதில் என்னையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டார். இப்போது சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். நகரத்தில் ஒரு கலை, வடிவமைப்புக் கல்லூரியில் விளம்பரத் துறையில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன்.

சேரும்போது அப்பா கேட்ட கேள்வி இன்னும் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது: “விளம்பரத்தை நின்று பார்க்கிறவனே குறைவு. அதைப் போய் நீ படிக்கப்போகிறாயா?” உங்கள் கேள்வி அதைவிட நாகரிகமானது. “படம் வரைகிற பிள்ளை” என்று என்னை அறிமுகப்படுத்துகிறீர்கள். மருத்துவம் படிக்கும் பிள்ளையிடம் திருமண மண்டபத்தில் நாடி பார்க்கச் சொல்வதற்குக்கூட நீங்கள் தயங்குவீர்கள். என்னிடம் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே போஸ்டர் கேட்கிறீர்கள்.

அங்கே என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று ஒருவராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். முதலாண்டில் கணினியை அதிகம் தொடவே விடவில்லை. பென்சில், மலிவான தாள். ஒரு பொருளுக்கு ஐம்பது கோட்டுப்படம், ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவில். முதல் பத்தும் எல்லோருக்கும் தோன்றுவது; இருபதுக்கு மேல் சலிப்பு; முப்பதைத் தாண்டியபின் எப்போதாவது ஒன்று தேறும். எழுதுகிறவர் ஒருவர், வரைகிறவர் ஒருவர் என்று இரண்டிரண்டு பேராக உட்காரவைத்தார்கள். நியூயார்க்கில் 1949இல் தொடங்கிய டாயில் டேன் பெர்ன்பாக் நிறுவனத்தில் பில் பெர்ன்பாக் வேரூன்றச் செய்த வழக்கம் இது. அதற்கு முன்பெல்லாம் வாசகத்தை ஒருவர் தட்டச்சு செய்து அனுப்ப, இன்னோர் அறையில் இருப்பவர் அதைச் சுற்றிப் படம் போட்டுத் தருவார். அதே நிறுவனம் 1959இல் ஃபோக்ஸ்வாகன் காருக்குச் செய்த விளம்பரத்தை எல்லா விளம்பரக் கல்லூரிகளிலும் காட்டுவார்கள். பக்கத்தில் பெரும்பகுதி வெறும் வெள்ளை, மேலே ஒரு மூலையில் சின்னஞ்சிறு கார், தலைப்பில் ‘சின்னதாக நினையுங்கள்’ என்று பொருள்படும் இரண்டே சொல். நான் உங்களுக்குச் செய்த போஸ்டரில் கையகலம் வெற்றிடம் விட்டிருந்தேன். “இங்கே துணைத்தலைவர் படம் போடலாமே” என்றார்கள். போட்டேன்.

என் இணை உம்லாசியிலிருந்து வருகிற ஜூலுப் பெண். அவள் எழுதுவாள், நான் வரைவேன். உங்கள் போஸ்டர்களை என் மடிக்கணினியில் பார்த்துவிட்டு, “உங்கள் எழுத்து நகை மாதிரி இருக்கிறதே, என்ன சொல்கிறது?” என்று ஆசையாகக் கேட்டாள். ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தேன்: தலைவர், துணைத்தலைவர், செயலாளர், இணைச் செயலாளர், பொருளாளர். விழா எத்தனை மணிக்கு என்பதை மட்டும் ஆங்கிலத்திலேயே போட்டிருந்தோம். அவள் சிரிக்கவில்லை. நகை போட்டுக்கொண்டு பேசாமல் நிற்கிற மணப்பெண் போல என்றாள். இதுபோல் நாலு வரி சொல்லக்கூடியவள் என்பதால்தான் அவளை விட்டுவிடாமல் பிடித்துவைத்திருக்கிறேன்.

நாங்கள் அதிகம் அடி வாங்குவது பிரீஃப் என்ற ஒற்றைத் தாளில். தமிழில் இதற்கு நல்ல சொல் இருக்கக்கூடும். எங்கள் வாயில் இருப்பது இதுதான். யாரிடம் பேசப்போகிறோம், அவர் இப்போது என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார், நம் பேச்சைக் கேட்டபின் என்ன நினைக்க வேண்டும், அதற்கு அவரிடம் சொல்ல வேண்டிய ஒரே ஒரு சேதி எது, அதை அவர் ஏன் நம்ப வேண்டும், எவ்வளவு பணம், எந்தத் தேதி. அவ்வளவும் ஒரு பக்கத்துக்குள். இரண்டு சேதி எழுதினால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் ஆசிரியர் ஒருவர் இரண்டு எலுமிச்சம்பழத்தை ஒரே நேரத்தில் மாணவரை நோக்கி வீசுவார். இரண்டும் தரையில் விழும். பிறகு ஒன்றை மட்டும் வீசுவார்.

வெள்ளிக்கிழமைகளில் வேலையைச் சுவரில் குத்திவைத்துவிட்டு எல்லோரும் எதிரே நிற்போம். விளக்கம் சொல்ல அனுமதி கிடையாது, தெருவில் யாரும் பக்கத்தில் நின்று விளக்கப்போவதில்லை அல்லவா? ஆசிரியர் வந்து நிறுவனத்தின் சின்னத்தைக் கையால் மறைத்துவிட்டு, “இப்போது இது யாருடைய விளம்பரம்?” என்பார். வேறு எந்த நிறுவனத்தின் சின்னத்தை ஒட்டினாலும் பொருந்தும் என்றால் அது கீழே இறங்கிவிடும். உங்கள் பத்துப் பதினைந்து போஸ்டர்களை வரிசையாக வைத்து, கோயில் பெயர்களை மறைத்து நானே ஒருநாள் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே மயில். ஒரே இணையதளத்திலிருந்து இறக்கியது. அவற்றில் மூன்று நான் செய்தவை.

பணமில்லை என்பீர்கள். பணமில்லாமல் என்ன செய்யலாம் என்பதற்கு இந்த நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2009இல், ஜிம்பாப்வே ஆட்சியை விமர்சித்து நாட்டுக்கு வெளியிலிருந்து வந்த ‘தி ஜிம்பாப்வியன்’ என்ற பத்திரிகைக்கு ஜோகன்னஸ்பர்க்கில் உள்ள ஹன்ட் லஸ்காரிஸ் நிறுவனம் ஒரு விளம்பரம் செய்தது. ஜிம்பாப்வேயின் பணம் அப்போது லட்சம் கோடிக் கணக்கில் அச்சாகி, ரொட்டி வாங்கக்கூட உதவாமல் போயிருந்தது. வெற்றுத் தாளைவிடப் பண நோட்டு மலிவு. அவர்கள் அந்த நோட்டுகளின் மேலேயே விளம்பர வாசகத்தை அச்சடித்தார்கள். நோட்டுகளை ஒட்டியே பெரிய விளம்பரப் பலகை செய்தார்கள், துண்டுப் பிரசுரமாகவும் தெருவில் கொடுத்தார்கள். கையில் வாங்குகிறவருக்கு வேறு விளக்கம் எதற்கு? அந்த ஆண்டு கான் விளம்பர விழாவில் அதற்குப் பெரும்பரிசு கிடைத்தது. எதைச் சொல்ல வேண்டும் என்று தெளிவாக இருந்தால், எதன் மேல் சொல்வது என்பதும் தானாக வந்துவிடுகிறது. நமக்குத்தான் எதற்கெடுத்தாலும் பேனர்.

இனி ‘வலே’க்கு வருகிறேன். நடந்ததை வகுப்பில் சொன்னேன். அப்பா தூரிகையோடு ஏணியில் ஏறிய கதைக்கு எல்லோரும் கைதட்டினார்கள். ஆசிரியர் மட்டும், “எத்தனை பேர் தப்பைக் கவனித்தார்கள்?” என்றார். இரண்டு பேர் என்றேன். “அப்படியென்றால் அந்த எழுத்து யாருக்காக அங்கே இருக்கிறது?”

என்னிடம் பதில் இல்லை. கோபம் வந்தது, பதில் வரவில்லை. சில மாதங்களாக அந்தக் கேள்வியோடுதான் டாக்ஸியில் போய்வருகிறேன். அதைத்தான் இப்போது உங்கள் முன் வைக்கிறேன், அது என்னிடம் கேட்க வேண்டிய கேள்வியே இல்லை.

நமக்குள் பேசிக்கொள்வதால் ஒளிக்காமல் சொல்கிறேன். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ‘ட்ரூரோ’ கப்பல் டர்பனில் நங்கூரமிட்டது முதல் 1911 வரை சுமார் 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, அன்று நேட்டால் எனப்பட்ட இந்தப் பகுதிக்கு வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறியவர்கள். அவர்கள் பேரன் பேத்திகளின் பேரன் பேத்திகள்தாம் இன்று காவடி எடுக்கிறார்கள். வேல் குத்திக்கொள்ளும் உறுதி அவர்களிடம் இருக்கிறது. ‘வேல்’ என்று எழுதியிருப்பதை வாசிக்கும் பழக்கம் பெரும்பாலோரிடம் இல்லை. இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நான் ஒன்பது வயது வரை தமிழ்நாட்டில் படித்தவள், எனக்கு அது ஓசியில் கிடைத்தது. ஆனால் போஸ்டர் செய்கிறவளுக்கு இந்த உண்மை தெரிந்தாக வேண்டும். மேலே தமிழ் எழுத்து எதற்கு? வாசிக்கவா, வணங்கவா?

வணங்க என்றால் அது ஒரு வேலை. அந்த எழுத்தை அப்பா கையால் எழுதட்டும், ஒரே ஒரு சொல்லாக, ஓராள் உயரத்துக்கு. வாசிக்க என்றால் அது வேறு வேலை. மெர்பேங்குப் பாட்டிக்காக என்றால் எழுத்து பெரிதாக, வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விட்டு இருக்க வேண்டும். தமிழில் மேலே விசிறியும் கீழே சுழியும் வருவதால் ஆங்கிலத்துக்கு விடுகிற இடைவெளி போதாது. உங்கள் போஸ்டர்களில் மேல்வரிக் கால் கீழ்வரித் தலையில் மிதிக்கிறது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகள் வர வேண்டும் என்றால் பேச்சு பிள்ளையோடா, பிள்ளையின் தாயோடா? இருபது வயதுப் பையனை வரவழைக்க வேண்டும் என்றால், என்னைக் கேட்டால், முதலில் பொன்னாடை போர்த்தும் படத்தை எடுத்துவிடுவேன். இவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே போஸ்டர் கேட்கிறீர்கள். ஆசிரியர் வீசிய எலுமிச்சம்பழத்தை நினைத்துக்கொள்கிறேன்.

நாமே முடிவு செய்யாவிட்டால் மற்றவர்கள் முடிவு செய்துவிடுவார்கள். தீபாவளி வந்தால் பெரிய கடைகளின் விளம்பரத் தாள் வீட்டு வாசலுக்கே வருகிறது. நம் பண்டிகை, நம் ஊர், ஆனால் அலங்காரத்துக்கு இருக்கும் எழுத்து தேவநாகரி. அவர்கள் வேண்டுமென்று செய்வதில்லை; அந்த அறையில் வித்தியாசம் தெரிந்தவர் யாரும் இருந்திருக்க மாட்டார். 2020 செப்டம்பரில் இந்த நாட்டு மருந்துக்கடைத் தொடர் ஒன்றின் இணையதளத்தில் வந்த ஷாம்பு விளம்பரம், கறுப்பினப் பெண்களின் கூந்தலை வறண்டது, பொலிவற்றது என்றும் வெள்ளைக்காரப் பெண்ணின் கூந்தலைச் சாதாரணமானது என்றும் காட்டியது. நாடெங்கும் கடைகளை மூடவேண்டி வந்தது. எத்தனை கண்களைத் தாண்டி அது வெளியே வந்திருக்கும்! எங்கள் வகுப்பில் ஒரு வாரம் முழுக்க அதைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தோம். நம் எழுத்து அந்த அளவுக்கு யாரையும் காயப்படுத்துவதில்லை என்பதால் நம் தப்புகள் செய்தியாவதில்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

உங்களில் ஒரு பெரியவர், “காந்தியே இந்த ஊரில் விளம்பரம் வேண்டாம் என்றவர்தான், அம்மா” என்று என்னை மடக்கினார். உண்மைதான். தம் ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகையில் விளம்பரங்கள் வாங்குவதை அவர் ஒருகட்டத்தில் நிறுத்தினார். அந்தக் கதையில் எனக்கு உறுத்துவது அதற்கு முந்தைய பக்கம். 1903இல் டர்பனில் அந்தப் பத்திரிகை தொடங்கியபோது ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என்று நான்கு மொழிகளில் வந்தது. அடுத்த ஆண்டு அச்சகம் பீனிக்ஸ் பண்ணைக்குப் போனது. சில ஆண்டுகளுக்குள் தமிழ்ப் பகுதியும் இந்திப் பகுதியும் நின்றுபோயின. எழுதுவதற்கும் அச்சுக்கோப்பதற்கும் ஏற்ற ஆட்கள் நிலைக்கவில்லை. தமிழர்கள் அவ்வளவு பேர் இருந்த ஊரில், ஈயத்தில் கொம்பையும் காலையும் பொறுக்கி வரிசையாக அடுக்க ஆள் போதவில்லை. நூற்றிருபது ஆண்டுகள் கழித்து அதே ஊர் அச்சகத்தில் அதே கொம்பு இடம் மாறி நிற்கிறது.

இந்த நாட்டின் 1996 அரசியல் சட்டத்தின் ஆறாம் பிரிவில் தமிழின் பெயர் இருக்கிறது. உங்கள் மேடைகளில் அதை அடிக்கடி கேட்கிறேன். ஆட்சிமொழிகளின் பட்டியலில் இல்லை. மொழிவாரியம் மதிப்பையும் வளர்ச்சியையும் உறுதிசெய்ய வேண்டிய சமூக மொழிகளில் ஒன்றாக, தெலுங்கு, இந்தி, உருது, குஜராத்தியோடு சேர்த்து. பெயர் இருப்பதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் ஆப்பிரிகான்ஸ்காரர்களைப் பாருங்கள். தங்கள் மொழியில் விளம்பரம் எழுதுகிறவர்களுக்கென்று 1990களில் பென்டோரிங் என்ற பரிசையே ஏற்படுத்தினார்கள். பிற்பாடு அது இந்த மண்ணின் மற்ற மொழிகளுக்கும் திறந்துவிடப்பட்டது. என் இணை இந்த ஆண்டு ஜூலு மொழியில் எழுதியதை அதற்கு அனுப்பப்போகிறாள். பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குப் படம் வரைந்துகொண்டிருப்பவள் நான். பொறாமை இல்லை என்றால் பொய்.

கூலியைப் பற்றியும் பேசிவிடுகிறேன், கூச்சமாகத்தான் இருக்கிறது. நாதஸ்வரக்காரருக்கு முன்பணம் தருகிறீர்கள். பந்தல்காரர், பூக்காரர், சமையல்காரர் யாரிடமும் “ஒரு சின்ன சாம்பார்தான்” என்று சொல்வதில்லை. என்னிடம் வரும்போது மட்டும் அது சேவை ஆகிவிடுகிறது. கோயில் காரியத்துக்கு இல்லை என்று சொல்லக்கூடாது என்பது அப்பாவின் கொள்கை. ஆனால் அவரே சொல்வார்: விக்கிரகத்துக்குக் கண் திறக்கும் முன் சிற்பிக்குத் தட்சிணை வைத்து மரியாதை செய்வது முறை, அதை வாங்கிக்கொண்டுதான் உளியை எடுப்பார்கள். பெரிய தொகை எதுவும் நான் கேட்கவில்லை. தாம்பூலத்தில் ஏதாவது இருந்தால், அடுத்த முறை இரவு பத்து மணிக்குப் பதில் மாலை ஆறு மணிக்கு உங்களுக்கு என் நினைவு வரும் என்று நம்புகிறேன்.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன். ஜூலையில் எங்களுக்குக் கடைசிப் பருவம் தொடங்குகிறது. ஒவ்வோர் இணையரும் உண்மையான வாடிக்கையாளர் ஒருவரைப் பிடித்து, அவருக்காக ஒரு முழு விளம்பரத் திட்டம் செய்ய வேண்டும். வகுப்பில் மற்றவர்கள் காப்பிக் கடை, சைக்கிள் கடை, சர்ஃபிங் பள்ளி என்று போகிறார்கள். நாங்கள் இருவரும் ஒரு தமிழ்ச் சங்கத்துக்கோ கோயிலுக்கோ செய்ய விரும்புகிறோம். இந்த வேலைக்குக் கூலி வேண்டாம், அது எங்கள் படிப்பு. எங்களுக்கு வேண்டியது உங்களில் முடிவெடுக்கும் அதிகாரமுள்ள ஒருவரின் இரண்டு மணி நேரம். ஒருவர்தான், பதினொரு பேர் கொண்ட குழுவுக்கு முன்னால் ஒருமுறை நின்று பார்த்திருக்கிறேன், மயிலின் நிறத்துக்கே ஒரு மாலை போய்விட்டது. யாரிடம் பேச வேண்டும் என்று அவர் சொல்லட்டும், ஒரே ஆளை, பெயர் சொல்லக்கூடிய அளவுக்குத் துல்லியமாக. “நம் சமூகத்துக்கு” என்றால் திருப்பிக் கேட்போம், கோபித்துக்கொள்ளக்கூடாது. தமிழ் வாசகத்தைப் படமாக அனுப்பாமல் யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்புங்கள். தட்டத் தெரியாவிட்டால் கைப்பட எழுதுங்கள், நானே தட்டிக்கொள்கிறேன். அச்சுக்குப் போகும் முன் கடைசிப் படியை வாசித்துக் கையெழுத்துப் போட ஒருவர் வேண்டும். மெர்பேங்குப் பாட்டியை யாருக்காவது தெரிந்தால் அவரைத்தான் முதலில் கேட்பேன்.

கடைசியில் நாங்கள் போஸ்டர் இல்லாமலும் வரலாம். ஆடி வருகிறது, கூழ் ஊற்றப்போகிறீர்கள். இந்த ஊர் ஆங்கிலத்தில் ‘பாரிட்ஜ் பிரேயர்’. கோயிலுக்குக் கோயில் நூற்றுக்கணக்கில் காகிதக் கோப்பை வாங்குவீர்கள். அவற்றின் வெளிப்புற அடியில் ரப்பர் முத்திரையால் ஆளுக்கோர் எழுத்து குத்தலாம்: ஒன்றில் அ, ஒன்றில் ழ, ஒன்றில் ணை. கடைசிச் சொட்டுக் கூழைக் குடிக்க அண்ணாந்தால், எதிரே இருப்பவர் கண்ணுக்கு நேராக அந்த எழுத்து நிற்கும். குடிக்கிறவருக்குத் தன்னிடம் என்ன எழுத்து இருக்கிறது என்று தெரியாது, எதிரே இருக்கும் பிள்ளையைத்தான் கேட்க வேண்டும். பிள்ளைக்குத் தெரியாவிட்டால் பக்கத்தில் இருக்கும் பாட்டியைக் கேட்க வேண்டும். சனிக்கிழமை வகுப்பு எத்தனை மணிக்கு என்று கோப்பையின் பக்கவாட்டில் ஒரு வரி. முப்பத்தெட்டாவது கோட்டுப்படத்தில் வந்தது இது. என் இணையின் யோசனை, எழுத்துகளை மட்டும் நான் தேர்ந்தெடுத்தேன். பாருங்கள், இதையும் இலவசமாகவே சொல்லிவிட்டேன்.

ஜூன் முடிவதற்குள் பதில் வந்தால் நன்றாக இருக்கும். என் எண் உங்களில் பாதிப் பேரிடம் இருக்கிறது. இரவு ஒன்பதுக்கு மேல் எடுக்கமாட்டேன்.

பணிவுடன்,
சாட்ஸ்வொர்த்திலிருந்து,
‘படம் வரைகிற பிள்ளை’

பின்குறிப்பு: அந்த பேனரை அடுத்த ஆண்டுக்கும் பயன்படுத்தலாம், திருப்பிக் கொடு என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் கராஜில் சுருட்டி வைத்திருக்கிறேன், எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம். அப்பா எழுதிய இரண்டு சொற்களை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டேன். மயில் அப்படியே இருக்கிறது.